வளைந்த பிரமிடுக்குப் பட்டை போட்டவர்

ஷஹாத்தா என்றால் பிச்சை என்று அர்த்தம். அவருக்கு முன்னால் பிறந்த மூன்று ஆண் பிள்ளைகளும் நாற்பது நாளைத் தாண்டவில்லை. நாலாவதாக இவர் பிறந்ததும், அம்மாக்காரி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தஹ்ஷூரில் ஏழு வீட்டு வாசலில் நின்று ரொட்டி கேட்டு வாங்கினாள். பெயரையும் அப்படியே வைத்துவிட்டாள். பிச்சைக்காரப் பிள்ளை மேல் யாரும் கண் வைக்கமாட்டார்கள், சாவு உட்பட. அது பலித்தது. ஷஹாத்தாவுக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது, பல் எல்லாம் இருக்கிறது.

தொழில் கொத்து வேலை, அதிலும் பூச்சு. முப்பத்திரண்டு வயதுவரை ஊரில் சுவர் பூசிக்கொண்டிருந்தவரைப் பிரமிடு வேலைக்குக் கூப்பிட்டதற்குக் காரணம் கைநேர்த்தி இல்லை. உயரம். ஊருக்கு மேற்கே வயல் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் நிற்கிறதே வளைந்த பிரமிடு, அதற்குள் இறங்கும் வழி எண்பது மீட்டர் நீளம், ஒரு மீட்டர் சொச்சம் உயரம். ஷஹாத்தாவுக்கு முன் வேலைக்கு வந்த மூன்று கொத்தனார்களும் நல்ல வளர்த்தி. மூவரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்கள். ஷஹாத்தா தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினார், வேலையை முடித்தார், ஏறி வந்து டீ கேட்டார். அன்றைக்கே பெயர் எழுதிக்கொண்டார்கள்.

வேலை இதுதான். அந்தப் பிரமிடு பாதி உயரம்வரை கடுஞ்சரிவாக ஏறி, அதற்குமேல் சட்டென்று சரிவு மாறிப் படுத்துவிடும். கட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளே விரிசல் விட்டதால் பாரத்தைக் குறைக்க மேல்பாதியைத் தாழ்த்தி முடித்தார்கள் என்பது இன்ஜினியர்களின் பேச்சு. அந்த விரிசல்கள் உள்ளே இன்றும் இருக்கின்றன. அவை மேலும் நகர்கின்றனவா என்று தெரியவேண்டும். அதற்காக விரிசலுக்குக் குறுக்கே உள்ளங்கை அகலத்தில் ஜிப்சத்தால் ஒரு பட்டை போடுவார்கள். ஜிப்சம் வளையாது. கல் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் பட்டை உடைந்துவிடும். உடையாத வரைக்கும் எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிடலாம். பட்டை போடுவதும், மாதம் ஒரு தடவை போய்ப் பார்ப்பதும் ஷஹாத்தாவின் பொறுப்பு.

பட்டை போட்ட தேதியை அதிலேயே எழுதவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஷஹாத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், யாரும் கேட்கவில்லை. எனவே அவர் ஈரம் காயும் முன்பே ஆணியால் தனக்குத் தெரிந்ததைக் கீறி வைத்தார். பேரீச்சை அறுக்கும் மாதம் என்றால் ஒரு பேரீச்சை மரம். நோன்பு மாதம் என்றால் பிறை. வசந்தப் பண்டிகைக்குக் கருவாடு தின்கிற மாதம் என்றால் ஒரு மீன். எந்த வருஷம் என்பதற்கு அந்த வருஷம் நடந்தது ஏதாவது. மகள் சுஹைர் தலை நிறைய முடியோடு பிறந்த மாதத்தில் மேல் அறைக்குப் போகும் வழியில் ஒரு பட்டை போட்டார். அதில் ஒரு சீப்பைக் கீறினார். இருபத்தொரு வருஷத்தில் பத்தொன்பது பட்டைகள். ஒன்றும் உடையவில்லை. மாதாமாதம் இன்ஜினியரம்மா நெவீன் கேட்பார்: “மேஸ்திரி, எப்படி இருக்கு?” இவர் சொல்வார்: “அல்ஹம்துலில்லா, அப்படியே இருக்கும்மா.” அவர் தாளில் எழுதிக்கொள்வார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கைக்குள் கோர்னேலிஸ் வந்தார்.

ஹாலந்துக்காரர், அறுபத்தைந்து வயது, பொய்ப்பல் செய்து கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். பிரமிடுகளுக்கு உள்ளர்த்தம் உண்டு என்று நம்புகிறவர்களில் ஒருவர். விசேஷ அனுமதி வாங்கி, கீஸாவிலிருந்து ஹம்தி என்ற வழிகாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் கயிறு கட்டிய ஒரு பித்தளைக் குண்டு. அதைப் பார்த்ததும் ஷஹாத்தாவுக்கு மரியாதை வந்துவிட்டது. தூக்குக் குண்டு வைத்திருக்கிறார், நம் தொழில்காரர்தான் என்று நினைத்தார். உள்ளே போனதும் கோர்னேலிஸ் குண்டைத் தொங்கவிட்டார். அது வட்டமாகச் சுற்றியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். குண்டு நிற்கட்டும் என்று ஷஹாத்தா காத்திருந்தார். அது நிற்கவே இல்லை. கை நடுக்கம் போலிருக்கிறது, பாவம், என்று விட்டுவிட்டார்.

பிறகு கோர்னேலிஸின் விளக்கு ஒரு பட்டைமேல் விழுந்தது. மீன். இன்னும் கொஞ்ச தூரத்தில் பேரீச்சை மரம். அதற்கும் மேலே சீப்பு. அவர் மூச்சு வாங்க ஆரம்பித்தார்.

“மேஸ்திரி, இந்தக் குறியெல்லாம் என்னன்னு கேக்கறார்,” என்றான் ஹம்தி.

“நான் போட்டது.”

ஹம்தி ஒரு நிமிஷம் அவரையே பார்த்தான். அப்புறம் ஆங்கிலத்தில் நீளமாகப் பேசினான். கோர்னேலிஸ் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

“என்ன தம்பி சொன்ன? நான் ரெண்டு வார்த்ததானே சொன்னேன்?”

“இங்கிலீஷ்ல கொஞ்சம் நீளமா வரும் மேஸ்திரி. இது என்னங்கறார்?”

“மீன்.”

“மீன் எதுக்காம்?”

“பண்டிகைக்குத் தின்னதுக்கு.”

ஹம்தி சொன்னதைக் கோர்னேலிஸ் ஒரு பக்கம் முழுக்க எழுதினார். பிறகு சீப்பின்மேல் விரல் படாமல் ஒவ்வொரு பல்லாக எண்ணினார்.

“ஏன் ஏழு பல்லுன்னு கேக்கறார். ரொம்ப முக்கியமாம்.”

ஷஹாத்தா யோசித்துப் பார்த்தார். “ஆணி மொண்ணையாப் போச்சு. இல்லன்னா பத்துப் போட்டிருப்பேன்.”

அதையும் ஹம்தி மொழிபெயர்த்தான். கோர்னேலிஸின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குனிந்து ஷஹாத்தாவின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தார். கையெல்லாம் ஜிப்சம். ஷஹாத்தாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வெளியே வந்ததும் ஹம்தியை ஓரமாகக் கூப்பிட்டார். “உள்ளதத்தானே சொன்ன?”

“உள்ளதத்தான் சொன்னேன் மேஸ்திரி. கொஞ்சம் மெருகு போட்டேன். நீங்க சுவத்துக்குப் போடறதில்லையா?”

ஷஹாத்தா தலையை ஆட்டினார். மெருகு போடுவார்தான்.

ஒன்றரை வருஷம் கழித்து ஹம்தி ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். நடுவில் ஷஹாத்தாவின் படம், தலைப்பாகையோடு. கீஸாவில் கல்லூரியில் ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்த சுஹைர் அதை உட்கார்ந்து படித்தாள். அவள் அம்மா நபவியா கீரையை நறுக்கியபடியே கேட்டாள்: “உங்கப்பாவப் பத்தி என்ன போட்டிருக்கு?”

“அப்பா நூத்திப் பன்னண்டாவது தலைமுறைக் காவலராம்மா.”

“அவர மாடியில ஒட்டடை அடிக்கச் சொல்லி எத்தன மாசமாச்சு.”

“சீப்பு வந்து ஏழு வாசலாம். ஏழாவது வாசல்ல போறப்ப மனுஷனோட ஆயுதம் மழுங்கிப் போயிடுமாம். அதுக்கு அப்புறம் அவனுக்கு எதுவும் வேண்டியிருக்காதாம்.”

ஷஹாத்தா ரொட்டியைப் பிட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தார். “ஆணியச் சொல்றான்,” என்றார். அவருக்கு மொழிபெயர்ப்பு முற்றிலும் தவறாகவும் தெரியவில்லை.

புத்தகம் வந்தபின் கூட்டம் கூட்டமாக வர ஆரம்பித்தார்கள். வெள்ளை உடை, கழுத்தில் கல், வெறுங்கால். மேல் அறையில் பழைய தேவதாரு மர உத்தரங்கள் குறுக்கே நிற்கும் இடத்தில் உட்கார்ந்து ஒரே சுருதியில் முனகுவார்கள். வௌவால்கள் அரண்டு பறக்கும். சில சமயம் அந்தப் பிரமிடுக்குள் காற்று புகுந்து பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். எங்கிருந்து வருகிறது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவர்கள் கேட்டால் ஷஹாத்தாவும் தெரியாது என்றுதான் சொல்வார். அதை மட்டும் ஹம்தி உள்ளபடியே மொழிபெயர்ப்பான்.

விதிப்படி கூட்டத்தோடு ஒரு ஆள் உள்ளே இருக்கவேண்டும். அந்த மார்ச் மாதம் ஒரு காலையில், “ரொம்ப மௌனமா இருக்கணுமாம், வெளி ஆள் இருந்தா வராதாம்,” என்றான் ஹம்தி.

“என்ன வராது?”

“அது அவங்களுக்கே தெரியாது மேஸ்திரி. ஒரு மணி நேரம். நீங்க போய் டீ குடிங்க.”

முழங்கால் வலித்தது. ஷஹாத்தா டீ குடிக்கப் போனார். அவர் செய்த தவறு அவ்வளவுதான்.

மறுவாரம் மாதாந்திரப் பார்வைக்கு நெவீனோடு இறங்கியபோது சீப்பு இல்லை. பட்டையில் பாதி பெயர்ந்து, கீழே தூள். நெவீனின் முகம் வெளுத்தது. இருபத்துமூன்று வருஷத்தில் முதல் உடைசல். நாலாயிரத்து அறுநூறு வருஷத்துக் கட்டடம் நகர ஆரம்பித்துவிட்டது என்றால் அது ஒரு ஆள் கையெழுத்துப் போடுகிற விஷயம் இல்லை. மேலிடத்துக்கு எழுதினார். பிரமிடை மூடினார்கள். கமிட்டி போட்டார்கள்.

ஷஹாத்தா அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

“என்னங்க, சுஹைர் அப்பா, பிரமிடு விழுந்துடுமா?” என்றாள் நபவியா.

“அது விழாது. என் வேல விழும்.”

“ஏன்?”

“கை வெச்சுப் பேத்திருக்காங்க. பாத்தாலே தெரியுது. நான் டீ குடிச்சிட்டிருந்தேன்.”

“அப்ப அதச் சொல்லுங்க.”

“சொன்னா வேல போயிடும்.”

“சொல்லலன்னா?”

“பிரமிடு நகருதுன்னு எழுதிடுவாங்க. கம்பி போட்டு, சிமிட்டி ஊத்தி, முட்டுக் குடுப்பாங்க.” எழுந்து உட்கார்ந்தார். “அதுக்குள்ள சிமிட்டிய ஊத்தினா பாக்கச் சகிக்காது.”

மறுநாள் காலையில் போய் நெவீனிடம் எல்லாவற்றையும் சொன்னார், டீ உட்பட. நெவீன் திட்டவில்லை. “இத கமிட்டி முன்னால சொல்லுங்க மேஸ்திரி,” என்றார்.

கமிட்டி மூன்று பேர். நெவீன், ஃபிக்ரி என்ற மேலதிகாரி, பல்கலைக்கழகத்திலிருந்து டாக்டர் ராஃபத். டாக்டர் அந்தப் பிரமிடைப் பற்றிப் பதினாலு கட்டுரை எழுதியவர். உருவம் பெரியது. இறங்கும் வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டார். மேலே ஏறும் மரப்படியில் ஷஹாத்தா பின்னாலிருந்து தாங்கிக் கொடுத்தார். அந்தப் பக்கம் டாக்டர் முன்பின் வந்ததில்லை என்பது அப்போது தெரிந்தது.

உடைந்த பட்டை முன் நாலு பேரும் குந்தினார்கள்.

“கையால உடைச்சதுன்னு நீ எப்படிச் சொல்ற?” என்றார் ஃபிக்ரி.

“கல்லு நகந்தா, விரிசல் போற கோட்டுல உடையும் ஐயா. இது ஓரத்துலேந்து நெம்பியிருக்கு. பாருங்க, கத்தி முனை பட்ட தடம். இதே விரிசல்ல மேல ஒரு பட்டை, கீழ ஒரு பட்டை இருக்கு. ரெண்டும் முழுசா இருக்கு. நடுவுல மட்டும் தனியா நகருமா?”

“மேல கீழ இருக்கறத நீ நேத்துப் போட்டிருந்தா? உன் தப்ப மறைக்க?”

“தேதி போட்டிருக்கேனே ஐயா.”

“எங்க தேதி?”

“இதோ. மீன்.”

ஃபிக்ரி விளக்கைக் கிட்டே கொண்டுபோனார். மீனுக்குப் பக்கத்தில் கால் நாலும் மேலே தூக்கிக்கொண்டு ஏதோ ஒன்று கிடந்தது.

“இது எந்தக் காலம்?”

“ஆடுங்களுக்குக் காணை நோய் வந்த காலம். எங்க வீட்லயே ஆறு போச்சு. அந்த வருஷம் வசந்தப் பண்டிகை மாசம்.”

“அத யாரு நம்புவா?”

டாக்டர் ராஃபத் அந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நெற்றி வேர்த்திருந்தது. ஏறி வந்த வேர்வையாகவும் இருக்கலாம்.

நெவீன் மெதுவாகச் சொன்னார்: “டாக்டர், பதினோரு வருஷத்துக்கு முன்னால வந்த உங்க கட்டுரையில, நாலாவது படம்...”

டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். அந்தக் கட்டுரை வேலையாட்கள் கல்லில் விட்டுப்போன பழைய குறிகளைப் பற்றியது. நாலாவது படம் யாரோ எடுத்து அனுப்பியது. மீன், பக்கத்தில் கால் தூக்கிய விலங்கு. கல் இழுத்த ஒரு கூட்டத்தின் அடையாளக் குறி, நாலாம் ராஜவம்சத்துக் காலம் என்று அடியில் எழுதியிருந்தார்.

“அது... அப்ப ஒரு ஊகமாத்தான்...” என்றார்.

“ஐயா எழுதினது தப்பா இருக்காது,” என்றார் ஷஹாத்தா, உண்மையாகவே சங்கடப்பட்டு. “அவங்களும் ஆடு வளத்திருப்பாங்க.”

நெவீன் குரல் மாறாமல் தொடர்ந்தார்: “மேஸ்திரி சொல்றது சரின்னா, இந்தப் பட்டை குறைஞ்சது பதினோரு வருஷமா உடையல. டாக்டர் எழுதினது சரின்னா, நாலாயிரத்து அறுநூறு வருஷமா உடையல. எதுன்னு நீங்க சொல்லுங்க. நான் எழுதிக்கறேன்.”

இரண்டில் எதுவானாலும் பிரமிடு நகரவில்லை. டாக்டர் ராஃபத் கண்ணாடியை மறுபடி துடைத்தார். அந்த வழியில் நெடுநேரம் குந்தியிருப்பது யாருக்கும் முடியாத காரியம். கடைசியில், “மேஸ்திரியோடதுன்னு எழுதுங்கம்மா,” என்றார். பிறகு, குழந்தை கேட்கிற மாதிரி, “மத்ததெல்லாம் என்ன?” என்றார்.

ஷஹாத்தா ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனார். இது வாய்க்கால் உடைந்து ஊருக்குள் தண்ணீர் வந்த வருஷம். இது பெரிய கழுதை செத்தது. இந்தப் புள்ளி அப்பா தவறின மாதம். நாற்பது நாள் கழித்துத்தான் வேலைக்கு வந்தார், அதனால் பட்டை கொஞ்சம் கோணல். இது நபவியாவுக்கு அறுவை சிகிச்சை நடந்த மாதம். கத்தரிக்கோல் சரியாக வரவில்லை. நெவீன் எழுதிக்கொண்டே வந்தார். ஃபிக்ரிகூட ஒரு இடத்தில், “இதென்ன, மீசையா?” என்று கேட்டார்.

“உங்களுக்கு முன்னால இருந்த அதிகாரி ஐயா. அவர் மாத்தலாகிப் போன மாசம்.”

திரும்பும் வழியில், கூரைக் கற்கள் படிப்படியாக நெருங்கி வரும் பெரிய அறையில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, டாக்டர் கேட்டார்: “மேஸ்திரி, இது ஏன் வளைஞ்சிருக்குன்னு உனக்கு என்ன தோணுது? எல்லாரும் ஒண்ணு சொல்றாங்க.”

“பாதியில தப்புன்னு தெரிஞ்சிருக்கும் ஐயா. ராஜாகிட்ட எவனோ ஒருத்தன் போய்ச் சொல்லியிருக்கான். அவன் அன்னிக்குச் சாப்பிட்டிருக்கமாட்டான்.”

ஒரு வாரத்தில் பிரமிடைத் திறந்தார்கள். ஷஹாத்தாவை எச்சரித்து ஒரு கடிதம் வந்தது. அதோடு ஓர் உத்தரவும்: இனிமேல் தேதியை எண்ணிலும் எழுத்திலும் போடவேண்டும், அதற்காக மேஸ்திரி ஊரில் நடக்கும் முதியோர் வகுப்பில் சேரவேண்டும். சேர்ந்தார். வகுப்பில் மற்ற எல்லோரும் பெண்கள். நபவியாவும் அதில் சேர்ந்து, அவரைவிடச் சீக்கிரம் படித்துவிட்டாள்.

சீப்பு இருந்த இடத்தில் புதுப் பட்டை போட்டார். பெயர்ந்த துண்டு எந்த நாட்டில் யார் வீட்டு அலமாரியில் இருக்கிறதோ தெரியாது. ஹம்திக்கு அந்தப் பக்கம் அனுமதி நின்றுபோனது. மறுவருஷம் கோர்னேலிஸ் தனியாக வந்தபோது சுஹைர்தான் உடன் போனாள். அப்பா சொன்னதை ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல் மொழிபெயர்த்தாள்: குறிகள் எல்லாம் நான் போட்டது, மீன் கருவாடு, சீப்பு இந்தப் பெண், ஆணி மொண்ணை.

கோர்னேலிஸ் கடைசிவரை கவனமாகக் கேட்டார். சுஹைரைப் பார்த்தார், அவள் தலைமுடியைப் பார்த்தார். பிறகு மிக மரியாதையாக ஏதோ சொன்னார்.

“என்னம்மா சொல்றார்?”

“நீங்க மறந்தத உங்க கை மறக்கலையாம்ப்பா. கைதான் பழசாம்.”

ஷஹாத்தா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பழசுதான்,” என்றார். “முழங்கால் அதவிடப் பழசு. வரச் சொல்லு, டீ குடிக்கலாம்.” இருவரும் குடித்தார்கள். கோர்னேலிஸ் சர்க்கரை வேண்டாம் என்றார். அவர் பொய் சொல்லி ஷஹாத்தா பார்த்தது அந்த ஒரு முறைதான், ஏனென்றால் பிறகு மூன்று கரண்டி போட்டுக்கொண்டார்.

டாக்டர் ராஃபத்தும் தன் தப்பைத் திருத்தி எழுதினார். இரண்டு வருஷம் கழித்து வந்த அவருடைய கட்டுரையை நெவீன் ஷஹாத்தாவின் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். நாற்பது பக்கம். முப்பத்தோராம் பக்கத்து அடிக்குறிப்பில் இரண்டு வரி: முந்தைய கட்டுரையின் நாலாவது படத்துக் குறி பழமையானது அன்று; ஷ. என்ற பூச்சுக் கொத்தனார் கீறியது.

ஷஹாத்தா விரலை வைத்து அவரே படித்தார். நேரமாயிற்று.

“பேரு முழுசா இல்லையா?” என்றாள் நபவியா.

“ஒரு எழுத்துப் போட்டிருக்கு.”

“எதப் போட்டிருக்கு?”

அவர் காட்டினார். அரபி ஷ, மேலே மூன்று புள்ளி வைத்த எழுத்து. நபவியா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள். “புள்ளியெல்லாம் சரியா இருக்கு,” என்றாள். பிறகு இன்ஜினியரம்மாவைச் சாப்பிட உட்காரச் சொன்னாள். முயல் குழம்பு வைத்திருந்தாள், ஆறிவிடும்.